41-நா

நாமக்கல் கால்நடைக் கல்லூரியிலிருந்து
இரண்டு பெண்கள் வந்தார்கள், தெர்மாகோல் பெட்டியோடு.
"நாய் வெச்சிருக்கறவங்க மட்டும் வாங்க்கா."
நல்லாற்றங்கரை லைன் வீட்டில்
பதினாலு கதவு, மூன்று நாய்.
மிக்சருக்கு முன்னங்காலில் ஊசி,
எனக்கு முழங்கை மடிப்பில்.
அவன் கத்தவில்லை. நான்தான் ஸ்ஸ் என்றேன்.
குப்பியில் ஒட்டின தாளில் எழுதினாள் சிந்துஜா:
என்னுடையது 41.
அவனுடையது 41-நா.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
நல்லாறு வாசல் ஏறி உள்ளே வந்தது.
மற்ற நாளெல்லாம் அதில் ஓடுவது ஆறா என்ன,
அன்றைக்கு ஓடினது ஆறு.
அரிசிச் சிப்பத்தைக் கட்டில்மேல் ஏற்றினேன்,
மிக்சரைச் சிப்பத்தின்மேல்.
பனியன் வேஸ்ட் குடோனிலிருந்து
எலிகள் நீந்தி வந்தன, வரிசையாக,
ஷிப்ட் விட்ட மாதிரி.
குதித்துவிட்டான் பாவி.
விடியும்வரை வேட்டை.

காலையில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது.
வெடித்த குதிகாலோடு நின்று
பிளாஸ்டிக் மக்கில் கோரிக் கோரி ஊற்றினேன்.
கண்ணுக்குத் தெரிந்து அதில் சேறு இருந்தது,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
நாலு வெள்ளைப் பட்டன்.
தெரியாமல் என்ன இருந்ததென்று
யார் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல்.
கெண்டைக்கால் இரண்டையும் யாரோ
துணி பிழிவதுபோல் பிழிந்தார்கள்.
செக்கிங் டேபிளில் பன்னிரண்டு மணி நேரம் நின்றால்
காலு வலிக்காம கையா வலிக்கும் என்றாள் பாவாயி.
கண் சிவந்திருந்தது. பஞ்சுத் தூசி என்றேன்.
மெடிக்கலில் நாலு மாத்திரை,
பழைய அட்டையைக் காட்டி வாங்கினது.
ஆறு நாள் கூலி போச்சு.

அந்த ஆறு நாளும் மிக்சர் சாப்பிடவில்லை.
பால் வைத்தேன், பன் வைத்தேன்,
பக்கத்துக் கதவில் கெஞ்சி
ஆட்டுக்குடல் வாங்கிவரச் சொல்லி வைத்தேன்.
முகர்ந்துவிட்டு என் பாயோரம் படுத்துக்கொண்டான்.
அவன் வயிறும் சுட்டது.
என் சூடுதான் ஏறிவிட்டது என்றிருந்தேன்.
லைன் முழுக்கச் சொன்னேன்,
எனக்காகப் பட்டினி கிடக்கிறான்,
பெத்தது கூட இப்படிக் கிடக்காது என்று.
கிணத்துக்கடவில் இருக்கிற மகனுக்கும் போனில் சொன்னேன்,
சித்தெ உறைக்கட்டும் என்றேதான் சொன்னேன்.
பாயை அவன் நனைத்தபோதெல்லாம்
வெறுங்கையால் துடைத்தேன்.

நேற்று சிந்துஜா கூப்பிட்டாள்.
"ஏனுங்க்கா, ரெண்டு பேருத்துக்கும்
வந்துட்டுப் போயிருக்குதுங்க்கா. எலிக்காய்ச்சல்.
ரத்தத்துல அடையாளம் இருக்குதுங்.
ஐப்பசில சீக்கா ஏதாச்சும் கெடந்தீங்களா?"

கிடந்தோம்.

அப்போ அது விசுவாசம் இல்லையா.
காய்ச்சலா.
போனைக் காதில் வைத்தபடியே பார்த்தேன்.
கதவிடுக்கில் வாலைச் சுருட்டி
ஒன்றும் தெரியாதவன்போல் படுத்திருந்தான்.
ஒன்றும் தெரியாதவன்தானே.

அவள் சொல்லிக்கொண்டே போனாள்.
மூத்திரத்தில் இன்னும் இருக்கலாம்,
கையுறை போட்டுத் துடைக்கணும், பிளீச்சிங் போடணும்,
மாத்திரை கொடுத்தனுப்புகிறோம்,
அப்புறம் அவனுக்கு வருசம் ஒரு தடுப்பூசி.
"எனக்குங் கண்ணு?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"மனுசருக்கு இங்க போடறதில்லீங்க்கா.
நீங்க பூட்ஸ் போட்டுக்குங்க."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.
மகனிடம் சொன்னதை
திருப்பி வாங்குவதா வேண்டாமா,
இன்னும் முடிவு பண்ணவில்லை.
அவனும் அதற்கப்புறம் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான்.

சாயங்காலம் பழைய சாமான் கடையில்
நூற்றிருபதுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
ஒன்று எனக்குப் பெரிசு.
தொளதொளவென்று நடந்து வந்தபோது
சாக்கடை முக்கில் தேங்கின தண்ணீரில்
வாய் வைக்கப் போனான்.
"டேய், நாப்பத்தொண்ணு!"

நின்றுவிட்டான்.
கூப்பிட்டது யாரை என்றுதான்
இரண்டு பேருக்கும் குழப்பம்.